30க்கு மேலே அந்த நாலு பேர்

சின்னவள் படிக்கும் லண்டன் தொடக்கப் பள்ளியில், செப்டம்பரிலிருந்து ரிசப்ஷனுக்கு (நாலு வயதில் சேரும் ஆரம்ப வகுப்பு) 60 இடம் கிடையாது, 30தானாம். பிள்ளைகளே குறையும்போது இடத்தையும் ஏன் வெட்டுகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் கணக்கு புரிந்தது.

இங்கே அரசுப் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. ரிசப்ஷனிலும் அடுத்த இரண்டு வகுப்புகளிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். 34 பேர் சேர்ந்தால் இரண்டு ஆசிரியர், இரண்டு அறை. வருவதோ 34 பேருக்கான காசு. அந்த நாலு பேர் பள்ளியையே கடனில் தள்ளிவிடுவார்கள், பாவம்!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் பிறந்தவர்கள் 7 லட்சத்துக்கு மேல். 2023இல் 6 லட்சம்கூட இல்லை. போதாததற்கு லண்டன் வாடகை வேறு இளம் குடும்பங்களை விரட்டுகிறது.

பெரியவன் 2012இல் பிறந்தவன். இதே பள்ளியில் காத்திருப்புப் பட்டியலில் கிடந்துதான் அவனுக்கு இடம் வாங்கினோம்.