தலைப்பில் ஒரு முகம்

"தம்பி, இதைப் பாருங்கோ" என்று சலூன்கார அண்ணை பத்திரிகையை நீட்டினார். இன்று காலை, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில்.

ஒரு திருநங்கையை நாலு பேர் சேர்ந்து அடித்த செய்தி. அடித்தவர்களுக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. அடி வாங்கியவரின் முகம் மட்டும் பெரிதாக, தெளிவாக. தலைப்பில் "பெண் வேடமிட்ட இளைஞர்".

அண்ணையின் விரலில் இருந்த சோப்பு நுரை அந்த முகத்தில் பட்டு ஊறிவிட்டது.

வாங்கிலில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். யார் அடித்தது, ஏன் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களிலும் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தலைப்பே காட்டிவிட்டதே!

2016 முதல் இலங்கையில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்றலாம். அரசாங்கம் ஏற்றுக்கொண்டதைப் பத்திரிகை இன்னும் வேடம் என்கிறது.

தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் இருப்பவை. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு பெரிய செய்தி! அதை இந்தச் சலூனில் யாரும் சத்தமாக வாசித்ததாக எனக்கு நினைவில்லை.

"வேடம் இல்லை அண்ணை, அவ ஒரு பெண்தான்" என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் தம்பி இவங்கள் இப்பிடிப் போட்டிருக்கிறாங்கள்?"