கருவிப் பலகையின் மின்சுமை: அளந்து பார்த்துப் போட்ட கணக்கு

சேலத்தை அடுத்த கன்னங்குறிச்சியில் உள்ள பட்டறையில் நானும் என் மைத்துனரும் கட்டிவரும் இரண்டு இருக்கை அலுமினிய விமானத்தில் உடலும் இறக்கைகளும் ஏறக்குறைய முடிந்துவிட்டதால், கருவிப் பலகைக்கான மின்சுமையைத் திட்டமிடும் வேலையை இப்போது எடுத்துக்கொண்டோம். என்ஜின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ். அதனுள்ளேயே அமைந்த ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 5,800 சுற்றில் 250 வாட் தருகிறது; 13.8 வோல்ட்டில் அது சுமார் 18 ஆம்பியர். தொடர்ந்து ஓடும் சுமையை ஜெனரேட்டர் திறனில் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கப்படி எங்கள் எல்லை 14.4 ஆம்பியர் ஆயிற்று. இந்த என்ஜினின் தீப்பொறி அமைப்பு தனக்கென உள்ள சுருள்களிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. முதன்மை எரிபொருள் பம்பும் இயந்திர விசையில் ஓடுகிறது. ஆகையால் பேட்டரி முழுவதும் வறண்டாலும் என்ஜின் நிற்காது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, மின்சாரம் போனால் நாம் இழப்பது எவற்றை என்ற கேள்விக்கு வந்தோம்.

கருவிகளின் கையேடுகளில் உள்ள ஆம்பியர் எண்களைக் கூட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் அவற்றில் பல, பியூஸ் தேர்ந்தெடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட உச்ச அளவுகள். எனவே பலகையை மேசைமேல் பரப்பி, 13.8 வோல்ட் மின்வழங்கியில் இணைத்து, நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தோம். உயரம், வேகம் முதலியவற்றைக் காட்டும் பறப்புத் திரை முழு ஒளியில் 2.9 ஆம்பியர் எடுத்தது. ஒளியைக் குறைத்தால் 2.0 தான், ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் பலகையை வெளியே வைத்துப் பார்த்தபோது குறைந்த ஒளியில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வானொலி கேட்கும்போது 0.4, பேசும்போது 2.0; ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் 0.5, இன்டர்காம் 0.3, இறக்கை முனை விளக்குகள் இரண்டும் சேர்ந்து 1.6, தரையிறங்கும் விளக்கு 3.2, துணை எரிபொருள் பம்பு 1.4, கைப்பேசி ஏற்றும் சாக்கெட் 2.0. இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே சாயும் தகடான பிளாப்பின் மோட்டார் சில விநாடிகள் மட்டும் 5 ஆம்பியர் இழுக்கிறது. தரையிறங்கும் விளக்கு, துணைப் பம்பு, பிளாப், வானொலிப் பேச்சு நீங்கலாக, நிலையான பறப்பில் ஓடவேண்டியவை சேர்ந்து 7.7 ஆம்பியர்தான். எல்லையில் பாதியளவுதான் ஆகிறது என்று இங்கேயே கணக்கை மூடிவிடலாம் என்றுதான் தோன்றும்.

சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் பெரியவர் ஒருவரிடம் பேட்டரி முனைகள் வாங்கப் போனபோது இந்தத் தாளைக் காட்டினேன். "வேகத்துல எவ்வளவு குடுக்குதுன்னு கேக்காதீங்க தம்பி, ஐடில்ல எவ்வளவு குடுக்குதுன்னு கேளுங்க" என்றார். விமானத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. தரையிறங்க வரும்போது விசையைக் குறைக்கிறோம், சுற்று குறைகிறது, ஜெனரேட்டரின் தருகையும் குறைகிறது. அதே நேரத்தில்தான் விளக்கு, துணைப் பம்பு, பிளாப், வானொலிப் பேச்சு எல்லாம் ஒன்றுகூடுகின்றன. அந்தக் கட்டத்தில் ஜெனரேட்டர் பாதியளவான 9 ஆம்பியர் மட்டுமே தரும் என்று வைத்துக் கணக்கிட்டோம். பேசாமலும் பிளாப் இயக்காமலும் இருக்கும்போதே சுமை சாக்கெட்டோடு 12.3 ஆகிறது. குறை 3.3 ஆம்பியரைப் பேட்டரி ஈடுகட்டிவிடும், அதில் கவலையில்லை. ஆனால் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பழகும் நாளில் பேட்டரி நிறைந்திருக்கும் என்று நம்பமுடியாது. ஆகவே தரையிறங்கும் முன் சாக்கெட்டை அணைப்பது சரிபார்ப்புப் பட்டியலில் ஏறிவிட்டது; அப்போது குறை 1.3 ஆம்பியராகச் சுருங்குகிறது.

ஜெனரேட்டர் நின்றுபோனால் என்ன என்பதற்கான கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. திரையும் டிரான்ஸ்பாண்டரும் உள்ளே மின்னழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் கருவிகள் என்பதால், அவை எடுக்கும் வாட் ஏறக்குறைய மாறுவதில்லை. மின்னழுத்தம் இறங்கினால் ஆம்பியர் ஏறுகிறது. 13.8 வோல்ட்டில் 2.9 எடுத்த திரை 12 வோல்ட்டில் 3.3 எடுத்தது. பேட்டரியில் ஓடும் நேரத்தை 13.8 வோல்ட் அளவுகளை வைத்துச் சொல்வது இதனால் சரிவராது. திரை, வானொலி, டிரான்ஸ்பாண்டர், இன்டர்காம் ஆகிய நான்கையும் தனிப் பஸ்ஸில் (பல கருவிகளுக்கு மின்சாரம் பிரியும் பொதுக் கம்பித் தடம்) பிரித்து, அதற்கு முதன்மைப் பஸ்ஸிலிருந்து மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு வழியாக ஒரு பாதையும், பேட்டரியிலிருந்து நேரே சுவிட்சோடு இன்னொரு பாதையும் கொடுத்தோம். 12 வோல்ட்டில் இந்தப் பஸ்ஸின் சுமையை, இடையிடையே பேசுவதையும் சேர்த்து, 5 ஆம்பியர் என்று எடுத்துக்கொண்டோம். 16 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி சேலத்து வெப்பத்தில் மூப்படைந்தபின் 60 சதவீதம்தான் தரும் என்று கருதினாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடும். சேர்வராயன் மலைக்கு மறுபுறம் இருந்தாலும் காமலாபுரம் ஓடுபாதைக்குத் திரும்ப அது தாராளம். எடை குறைந்த லித்தியம் பேட்டரிகளை மைத்துனர் பரிந்துரைத்தார். ஆனால் 'ஈயத்துக்கு இணை' என்று உறையில் போடும் ஆம்பியர்-மணி பெரும்பாலும் ஸ்டார்ட்டரைச் சுற்றும் வலுவை வைத்துச் சொல்வது, உண்மையான கொள்ளளவு அதைவிட வெகு குறைவு என்பதால், ஈய அமிலப் பேட்டரியின் 7 கிலோ எடையை நான் ஏற்றுக்கொண்டேன்.

கம்பிகளில் தரையிறங்கும் விளக்குக்குரியதுதான் யோசிக்க வைத்தது. இறக்கைக்குள் 5 மீட்டர் ஓடவேண்டிய அதற்கு 22 கேஜ் (எண் குறையக் குறையக் கம்பி தடிமன்) போட்டால் 0.85 வோல்ட் விழுகிறது, 20 கேஜில் 0.53. தொடர் சுமைக்கு 14 வோல்ட் அமைப்பில் 0.5 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது என்பது பின்பற்றப்படும் அளவு என்பதால் வெப்பம் தாங்கும் உறையுள்ள 18 கேஜ் டெஃப்சல் கம்பி; அதில் 0.34 மட்டும். கார்களுக்குப் போடும் பிவிசி கம்பி கடைவீதியில் மலிவாகக் கிடைத்தாலும், கருகினால் வரும் புகை மூடிய அறைக்குள் ஆகாது. பியூஸ் காப்பது கம்பியை என்பதால், அதன் அளவையும் கம்பியின் தடிமன் பார்த்தே வைத்திருக்கிறோம்.

ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை என்ஜின் பக்கத்து வெப்பத்தில் பொருத்தாமல், காற்று படும்படி, என்ஜினையும் இருக்கை அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கு இப்புறம் கொண்டுவந்திருக்கிறோம். அதன் வெளியீட்டில் ரோட்டாக்ஸ் கேட்கும் 22,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் ஏறிவிட்டது. மின்னழுத்தம் 13.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் முதலில் சாக்கெட், பிறகு தரையிறங்கும் விளக்கு, அதன்பின் முனை விளக்குகள் என்ற வரிசையில் அணைக்கவேண்டும் என்று சுவிட்சுகளையும் இடமிருந்து வலமாக அதே வரிசையில் பொருத்துகிறோம். 9 ஆம்பியர் என்ற அனுமானத்தை என்ஜினை முதன்முறை தரையில் ஓட்டும்போது ஒவ்வொரு சுற்று வேகத்திலும் அளந்து திருத்தவேண்டும்.