போர்வெல் தண்ணீரில் ஒரு நீச்சல் குளம்

திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் வீட்டில் நீச்சல் குளம் கட்டுகிறவர்கள் மருந்துக்கு முன்னால் மூடிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். தம்பி துபாயில் இருக்கிறான். அவன் தோப்பு வீட்டில் கட்டிய குளத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லீவுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கண் எரியக் கூடாது, படியில் பாசி வழுக்கக் கூடாது. இந்தக் காற்றுக்கும் இந்தத் தண்ணீருக்கும் எது ஒத்துவரும் என்று சொல்லித் தர ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குளம் 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். சுமார் 22,600 லிட்டர் பிடிக்கும். நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 186 லிட்டர் போச்சு என்று கணக்கு. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் என்றால் எங்களுக்குக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றை, அதாவது மேற்குக் காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த நாட்களில் மட்டம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். கொத்தனார் கசிவு என்று சந்தேகப்பட்டார். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, கல் போட்டுப் படியில் வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் கோடு போட்டோம். இரண்டும் ஒரே அளவு இறங்கின. கசிவு இல்லை, எல்லாம் காற்று கொண்டுபோனதுதான்.

தண்ணீர் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், அதிலிருந்த சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட மோட்டாரைப் போட்டால் போர் தண்ணீரோடு இன்னும் சுண்ணாம்பு வரும். நீல டைல்ஸில் நீர்மட்டத்தை ஒட்டி முதலில் சாம்பல் பூசினாற்போல ஒரு கோடு தெரிந்தது. போகப் போக அது வெள்ளையாகத் தடித்து, நகத்தால் சுரண்டினால் சில்லாகப் பெயர்ந்தது. தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டுகிற பி.எச். 7.8ஐத் தாண்டினால் இந்தப் படிவு வேகமாக ஏறும். குளோரினின் வீரியமும் குறையும். 7.5இல் பாதியளவு வேலை செய்கிற குளோரின், 8இல் கால்வாசிகூடச் செய்யாது.

மருந்து கொடுத்த கடைக்காரர், "அண்ணாச்சி, வாரம் ரெண்டு மாத்திரை மிதக்க விடுங்க, தண்ணி கண்ணாடியா இருக்கும்" என்றார். முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் சோதனைக் குழாயில் குளோரின் சரியான நிறம் காட்டும்போதே சுவரில் பச்சை பிடித்தது. காரணம் மாத்திரையிலேயே இருக்கிறது. அந்த டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காக்க அது 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை வேண்டும்தான். ஆனால் அது செலவாவதில்லை. எங்கள் அளவுக் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் ஏறக்குறைய 5 பிபிஎம் கூடும். வாரம் இரண்டு என்றால் இரண்டு மாதத்தில் 80 வந்துவிடும். அந்த அளவில் குளோரின் கட்டுண்டு கிடக்கும், பாசியைக் கொல்லாது. தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுசு விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. குளோரின் போடாமல் சில நாள் வெயிலில் விட்டு, அளவு அற்றுப்போனதைச் சோதித்த பிறகு தென்னைக்குப் பாய்ச்சினோம்.

இப்போது மாத்திரை ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும். மற்றபடி குளோரின் திரவம்தான். 10 சதவீதத் திரவம் கால் லிட்டர் ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். 1க்கும் 3க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். பொழுது சாய்ந்த பிறகே ஊற்றுவேன், பகலில் ஊற்றினால் பாதி வெயிலுக்குத்தான். கேன் வெக்கையில் இருந்தால் சத்து போய்விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது. பிளீச்சிங் தூள் வகையும் கிடைக்கிறது, ஆனால் அதில் கால்சியம் உண்டு. நம் தண்ணீருக்கு அது வேண்டவே வேண்டாம். பி.எச். இறக்க ஆசிட் விடும்போது வாளியில் முதலில் தண்ணீர், அதன் மேல்தான் ஆசிட். ஆசிட்டும் குளோரினும் ஒன்றோடொன்று சேரக் கூடாது, விஷவாயு கிளம்பும். மாத்திரையும் பிளீச்சிங் தூளும் கலந்தால் தீப்பிடிக்கும். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

இனி மூடி. முதலில் கட்டியிருந்த தார்ப்பாய் கரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல்காற்று அடியில் புகுந்து ஊதிக் கயிற்றை அறுத்துவிட்டது. இந்த ஊரில் மூடி தண்ணீரின் மேல் ஒட்டிப் படுக்க வேண்டும். குமிழ் வைத்த மிதவை மூடியை வாங்கி, குமிழ் கீழே இருக்க விரித்து, ஓரத்தைக் குளத்தின் விளிம்புக்குச் சரியாக வெட்டினோம். காற்று நுழைய இடமில்லை. மேற்குக் கரையில் மணல் நிரப்பிய பிவிசி குழாய் ஒன்று பாரத்துக்கு. ஒளி ஊடுருவும் நீல மூடி சித்திரை வெயிலில் தண்ணீரைச் சுடவைத்துவிடும், பாசிக்கும் கொண்டாட்டம். மேல்பக்கம் வெளுப்பாக, ஒளி புகாததாகக் கேட்டு வாங்குங்கள்.

பகலில் மூடி, இருட்டியதும் திறந்து, குளோரின் விட்டுப் பம்ப் ஓட்டி, வெயில் ஏறுமுன் மறுபடி மூடுவது என்று வைத்திருக்கிறேன். மட்டம் இறங்குவது வெகுவாகக் குறைந்தது, குளோரினும் பழைய அளவில் பாதிதான் ஆகிறது. பழைய அளவையே ஊற்றினால் உள்ளே தேங்கி மூடியை அரித்துவிடும். பாசிக்காக அதிகமாகப் போட்ட நாட்களில் அளவு இறங்கும்வரை மூடவே கூடாது. இன்னொன்று, மிதக்கும் மூடி பிள்ளைகளைத் தாங்காது. கால் வைத்தால் உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். வேலியும் பூட்டும் கட்டாயம் வேண்டும், குளிக்கும்போது மூடியை முழுசாக எடுத்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மூடியைச் சுருட்டி வைத்துவிடுவோம். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. முன்கூட்டியே மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையில் மொட்டைமாடிக் குழாயையும் குளத்துக்குத் திருப்புகிறோம். அதில் தூசி வரும், வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். அப்புறம் பி.எச்.சை நிலையாகப் பிடித்துவைக்கிற காரத்தன்மை 80 பிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் ஆப்பச்சோடா போதும், 400 கிராமுக்கு 10 பிபிஎம் ஏறும்.