பெயர்ப்பலகையில் இருந்த பத்து

ஜூலை 21
துணை மின்நிலையத்து மின்மாற்றியின் 11 கிலோவோல்ட் பக்க அளவி 10.56 காட்டுகிறது, அதைக் கணக்கிடும் மென்பொருள் ஓடும் என் திரையோ 10.94 என்கிறது. மேல்பக்கம் சரியாக 110 கிலோவோல்ட், டேப் (மேல்பக்கச் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் படி) ஐந்தில், அதாவது இயல்பு விகிதத்தில், நிற்கிறது, சுமை 12 எம்.வி.ஏ. (மெகா வோல்ட் ஆம்பியர்), பவர் ஃபேக்டர் (அதில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.9. எல்லாம் ஒத்துப்போகையில் அந்த 380 வோல்ட் எங்கே போயிற்று?

ஜூலை 22
வேறு அளவி வைத்துப் பார்த்தார்கள். அதே 10.56.

ஜூலை 24
பல்லடத்தில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. பெயர்ப்பலகையின் மேலேயே யாரோ சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் தெரிந்தன: 16 எம்.வி.ஏ., 110/11, இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு மின்மாற்றி காட்டும் எதிர்ப்பு) 10 சதவீதம். நான் மென்பொருளில் உள்ளிட்டதும் 0.10 தான். “இந்தப் பலகையப் பாக்கவா இத்தன தூரம் வந்தீங்க சார்?” என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

ஜூலை 25
சோமனூரிலிருந்து அப்பா அழைத்தார். “பொழுதுக்கும் கம்ப்யூட்டர்லயே பாக்கறியே கண்ணு, அதுல நம்ம தறி தெரியுமா?”

ஜூலை 27
தற்செயலாக ஷார்ட் சர்க்யூட் கணக்கை, அதாவது கம்பிகள் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை, போட்டேன். 11 கிலோவோல்ட் பக்கத்தில் 52 கிலோ ஆம்பியர் வந்தது. அங்கு பழுதின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் தாங்குவதோ 25. அப்போதுதான் உறைத்தது. பலகையிலுள்ள பத்து சதவீதம் மின்மாற்றியின் சொந்த 16 எம்.வி.ஏ.வை அடிப்படையாகக் கொண்டது. மென்பொருள் கேட்டது 100 எம்.வி.ஏ. அடிப்படையிலான மதிப்பை. 0.10ஐ 100/16ஆல் பெருக்கினால் 0.625. அதை இட்டதும் திரையில் 10.56 வந்தது, ஷார்ட் சர்க்யூட் 8.4 கிலோ ஆம்பியருக்கு இறங்கியது. மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. அடிப்படை எது என்று கேட்கும் கட்டம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜூலை 28
தூக்கமில்லை. இணையாக ஓடும் 16, 25 எம்.வி.ஏ. மின்மாற்றிகளுக்கு, போன மாத அறிக்கையில் 0.10, 0.12 என்றே போட்டிருக்கிறேன். 30 எம்.வி.ஏ. சுமையில் சின்னது 16.4 சுமந்து திணறுவதாக எழுதிக் கையொப்பமும் இட்டேன். சரியான மதிப்புகள் 0.625, 0.48; சின்னது சுமப்பது 13 தான். யாரிடம் முதலில் சொல்வது?

ஜூலை 29
சொல்லவில்லை.

ஜூலை 31
சொல்லிவிட்டேன். திருத்தி அனுப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2
டேப்பை ஒன்பதுக்கு மாற்றப் போகிறார்களாம்; மேல்பக்கச் சுற்றுகள் 5 சதவீதம் குறையும், கீழ்ப்பக்க வோல்டேஜ் ஏறும். மென்பொருள் மாதிரியில் அந்த 0.625ஐ டேப் உள்ள பக்கம் வைத்தால் 11.12 கிலோவோல்ட், எதிர்ப்பக்கம் வைத்தால் 11.17. டேப் மாறினால் இம்பீடன்ஸும் மாறும் என்பதால், கடைசி டேப்களின் மதிப்புள்ள சோதனைச் சான்றிதழைக் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4
சான்றிதழ் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு மாற்றுகிறார்கள். பல்லடம் பேருந்தில் இருக்கிறேன்.