பத்து பிளைண்ட் மிஞ்சியிருக்கும்போது

போக்கர் போட்டியில் சிப்புகள் (பந்தயம் கட்டும் வில்லைகள்) கரைந்து நிற்பவரைத் தேற்றுவதற்கென்றே ஒரு கதை உண்டு. 1982இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், எல்லாம் போயிற்று என்று எழுந்த ஜாக் ஸ்ட்ராஸ், மேசையில் ஒரே ஒரு 500 டாலர் சிப் கிடப்பதைக் கண்டு மறுபடியும் உட்கார்ந்தார்; 104 பேர் ஆடிய அந்தப் போட்டியையே வென்று 5,20,000 டாலர் பரிசும் பெற்றார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆனால் 'பொறுத்திருந்தால் நல்ல சீட்டு வரும்' என்று அதைப் புரிந்துகொண்டதால் நெடுநாள் தவறாகவே ஆடிவந்தேன்.

பனாஜியில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலொன்றில் ஆடிய போட்டியில்தான் அது எனக்கு உறைத்தது. என்னிடம் 20,000 சிப் இருந்தது. சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய பந்தயமான பிளைண்ட் 1,000-2,000; பெரியதை, அதாவது பிக் பிளைண்டைப் போடுபவரே மேசைக்காகச் சேர்த்துப் போடும் ஆன்டி 2,000. ஆக என்னிடம் இருந்தது பத்து பிக் பிளைண்ட். எனக்கு முன்னால் இருந்த அனைவரும் சீட்டை மடக்கி ஆட்டத்திலிருந்து விலகிவிட, பட்டனில், அதாவது பிளைண்ட் போட்ட இருவருக்கு நேர் முன்னால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த என் கையில் ஒரே ஜாதியில் கிங்கும் ஒன்பதும் வந்திருந்தன. ஏஸ் வரட்டும் என்று நானும் மடக்கினேன். அடுத்த சுற்றில் பிளைண்டும் ஆன்டியுமாக 5,000 போயிற்று. பிளைண்ட் 1,500-3,000 ஆக உயர்ந்த பின், அதற்கடுத்த சுற்றில் 7,500 போயிற்று. ஒரு ஆட்டத்தில்கூட மோதாமல் 7,500 சிப்புக்கு இறங்கியிருந்தேன்.

அப்போது ஏஸ்-குயின் வந்தது. ஆல்-இன், அதாவது கையிலுள்ள எல்லாம், என்றேன். பிக் பிளைண்டில் இருந்தவர் தன் சீட்டைப் பாதி தூக்கிப் பார்த்துவிட்டு, ஜாக்-நான்கை வைத்துக்கொண்டே சிப்புகளை முன்னால் தள்ளினார். மேசையில் விரிக்கும் பொதுச் சீட்டுகளில் நான்காவதாக ஒரு நான்கு விழுந்து அவருக்கு ஜோடி சேர, நான் தோற்றேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மேலும் 4,500 போட்டால் 15,000 கிடைக்கும் என்ற நிலையில் நூற்றுக்கு 23 வாய்ப்பே அவருக்குப் போதும். ஏஸ்-குயினுக்கு எதிரே அந்தச் சீட்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

முன்பு பட்டனிலிருந்து 20,000ஐயும் தள்ளியிருந்தால், அதே பிக் பிளைண்ட் மேலும் 18,000 போட வேண்டியிருந்திருக்கும்; அதற்கு நூற்றுக்கு 42 வாய்ப்பு வேண்டும் என்பதால் ஜாக்-நான்கு போன்ற சீட்டுகளையெல்லாம் மடக்கியே இருப்பார். பிளைண்ட் போட்ட இருவரும் மடக்கினால் மோதாமலே 5,000 என் பக்கம் வரும், அதாவது என் கையிருப்பில் கால் பங்கு. ஒருவர் பிடித்து (அதே தொகையைப் போட்டு ஆடி), எனக்கு வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 35 மட்டுமே இருந்தாலும், சராசரி நட்டம் ஏறத்தாழ அதே 5,000தான். ஆகவே இரண்டில் ஒரு முறை அவர்கள் மடக்கினாலே கணக்கு நேராகிவிடும். பிறரை மடக்க வைக்கும் இந்த வலு பத்து பிளைண்டில் இருக்கிறது. மூன்றுக்குக் கீழே போனால் அநேகமாக இல்லை. ஸ்ட்ராஸின் ஒற்றைச் சிப்புக்கும் அது இருந்திருக்காது.

பரிசு வரிசை, அதாவது பணம் கிடைக்கும் இடங்கள், தொடங்குவதற்குச் சற்று முன்னர் இந்தக் கணக்கு மாறும். சிப்பு இரட்டித்தாலும் பரிசு இரட்டிப்பதில்லை என்பதால், முதலில் தள்ளுவதற்குப் போதுமான சீட்டு, இன்னொருவரின் ஆல்-இன்னைப் பிடிப்பதற்குப் போதாது. பெரிய போட்டிக்கு இடம் வழங்கும் தகுதிச் சுற்றுகளில், வெல்பவர் அனைவருக்கும் ஒரே பரிசு என்பதால், போதிய சிப்பு வைத்திருப்பவர் ஜோடி ஏஸையே மடக்குவதும் சரியாக இருக்கும்.