மினி டிராக்டர் லோடர்: கிளட்ச் ஹவுசிங் வெடித்தது முதல் மறுபடி பூட்டியது வரை

முன்னால் பக்கெட்டைத் தூக்கும் கைகளான லோடர் மாட்டிய மினி டிராக்டரில் முதலில் போவது பெரும்பாலும் லோடர் இல்லை. அதை வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட்தான் போகிறது. போல்ட் போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் அடுத்து போவது கிளட்ச் ஹவுசிங், அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் வார்ப்பிரும்புக் கூடு. பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பில் எரு, மண், மட்டை அள்ளிய 28 எச்பி நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்றில், வாரன்டி காலத்துக்குள்ளேயே இரண்டும் போயின. அதைச் சோதித்து, வாரன்டி பேசி, இரண்டாகப் பிரித்து, ஹவுசிங் மாற்றி, லோடரைத் திரும்பப் பூட்டியதில் தெரிந்ததை எழுதுகிறேன். லோடர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஹவுசிங்கில் வெடிப்பு விழுவதற்கு முன் வண்டி தகவல் கொடுத்துவிடும். பக்கெட்டைத் தரையிலிருந்து எடுக்கும் நொடியில் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். லோடர் ஃப்ரேமின் தகடு ஹவுசிங்கோடு ஒட்டும் விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் கோடு தெரியும். பலர் அதைத் துரு என்று துடைத்துவிடுகிறார்கள். தகடும் வார்ப்பும் ஒன்றோடொன்று உரசி வந்த தூள் அது. அந்த இடத்தில் போல்ட் பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டியில் இடது பக்கம் பின் கீழ் போல்ட் தலையோடு விழுந்திருந்தது. மேல் போல்ட் கையால் சுழன்றது. உடைந்த முகத்தைக் கழுவிப் பார்த்தபோது முக்கால் பங்கு வழவழப்பாக, அலை விட்டுப்போன தடம் போல வளைவு வளைவாக இருந்தது. மீதி கால் பங்குதான் சொரசொரப்பு. ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். வளைவுத் தடம் இருந்தால், போல்ட் நாள்பட லூசாக நின்று, ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்திருக்கிறது.

ஏன் லூசாகிறது என்பதுதான் முக்கியம். 8.8 வலிமைத் தர எம்14 (14 மி.மீ. தடிமன்) போல்ட்டை 140 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் அது தகட்டை ஏறக்குறைய 5 டன் அழுத்தத்தில் பிடிக்கும். ஒரு பக்கம் நான்கு போல்ட் என்றால் 20 டன். அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே 3 டன் வரை தகட்டை நழுவ விடாது. அதாவது லோடரின் பாரத்தைத் தாங்குவது உராய்வு. போல்ட்டின் தண்டு அல்ல. ஆனால் இந்த 5 டன் பிடிப்பு எதிலிருந்து வருகிறது? போல்ட் நீள்வதிலிருந்து. 40 மி.மீ. பிடிப்பு நீளம் உள்ள போல்ட் அப்போது நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தகட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே பெயின்ட் இருந்தால், வேலை ஓட ஓட அது நசுங்கும். நூறில் நாலைந்து பங்கு மில்லிமீட்டர் நசுங்கினாலே பிடிப்பு பாதியாகிவிடும். புது லோடரின் முகங்களில் பெயின்ட் இல்லாமல் வருவது அபூர்வம். புத்தகங்களில் முதல் சில மணி நேரத்திலேயே திரும்ப முறுக்கு என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். உராய்வு போனதும் பாரம் முழுவதும் தண்டின் மேல் குறுக்காக ஏறும். ஒன்று அறுந்தால் அதன் பங்கு பக்கத்து போல்ட்டுக்குப் போகும். கடைசியில் மரை இருக்கும் வார்ப்பே பிளக்கும்.

வெடிப்பைக் கண்ணால் தேடினால் எண்ணெய் அழுக்கில் தெரியாது. கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என மூன்று ஸ்ப்ரே டப்பா சேர்த்து விற்கிறார்கள். இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சாயம் அடித்து 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். பிறகு கிளீனர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கிளீனரை நேராக அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். மேலே வெள்ளை அடித்ததும் சில நிமிடங்களில் வெடிப்பு இருந்த இடத்தில் மயிரிழைச் சிவப்புக் கோடு ஊறி வந்தது. கீழ் மரைத் துளையிலிருந்து ஹவுசிங் விளிம்பு வரை ஒரு விரல் நீளம்.

இந்த நிலையில் யாரும் ஸ்பேனர் எடுக்கக் கூடாது. ஹவர் மீட்டர் (வண்டி ஓடிய மணி நேரம் காட்டுவது), உடைந்த இடம், போல்ட் முகம், லோடரின் வரிசை எண் தகடு, பின்னால் எடை மாட்டியிருக்கிறதா என்பது எல்லாம் தேதி தெரியும்படி படம் எடுக்க வேண்டும். அறுந்த போல்ட் துண்டுகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, பையில் போட்டு எந்தத் துளை என்று எழுதி வைக்க வேண்டும். துண்டுகளை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள், சாட்சி அதுதான். புகாரை ஷோரூமுக்கு எழுத்தில் கொடுத்து, கம்பெனிப் பொறியாளர் வந்து பார்த்த பிறகுதான் பிரிப்போம் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் கேட்டது ஐந்து விஷயம். லோடர் அந்த மாடலுக்கு அனுமதிக்கப்பட்டதா, 50 மணி நேர சர்வீஸ் நடந்ததா, போல்ட் முறுக்கிய பதிவு எங்கே, ஹைட்ராலிக் அழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் ரிலீஃப் வால்வை யாராவது திருப்பியிருக்கிறார்களா, பின் எடை இருந்ததா. வெளிப்பட்டறையில் அடித்து மாட்டிய லோடராக இருந்தால் முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்திருக்கும். இங்கே லோடரை மாட்டியது ஷோரூம்தான். பில்லில் வரிசை எண்ணோடு இருந்தது. 50 மணி நேர ஜாப் கார்டில் லோடர் போல்ட் என்ற வரி காலியாக விடப்பட்டிருந்தது, கீழே சர்வீஸ்காரர் கையெழுத்து இருந்தது. ஹவுசிங்கையும் போல்ட்டையும் இலவசமாக வாங்க முடிந்தது அந்தக் காலி வரியால்தான். கூலியும் ஆயிலும் உரிமையாளர் தலையில் விழுந்தன. முறுக்குவது உரிமையாளர் பொறுப்பு என்று புத்தகத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, டெலிவரி அன்று ஒருவரும் வாய் திறந்து சொல்லாமல் அனுப்புவது நியாயமில்லை. ஆனாலும் அந்த வரி இருக்கும் வரை, பதிவு இல்லாத உரிமையாளர் பேரத்தில் பாதி தோற்றுத்தான் உட்கார்கிறார்.

பேச்சு முடியாமல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டியைச் சொந்தப் பிழைப்புக்கு வைத்திருப்பவர் நுகர்வோர்தான். முழுக்க வாடகைத் தொழிலுக்கு வாங்கியது என்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பதிவு செய்வது நல்லது.

ஹவுசிங்கை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று சொல்ல ஆள் நிறைய. வார்ப்பிரும்பில், பாரம் ஏறும் இடத்தில், நிக்கல் ராடு போட்டாலும் பற்றுக்குப் பக்கத்திலேயே திரும்ப வெடிக்கும். மாற்றுவதுதான் சரி. அதற்கு வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். லோடரைக் கழற்றி, கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து, முன் ஆக்சில் ஆடும் இடத்தில் இரு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட வேண்டும். ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த நொடியில் இன்ஜின் பக்கவாட்டில் சாயும். ஆள் மேல் விழுந்த சம்பவங்கள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட வேண்டும். பிரித்த கையோடு கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின்பக்க சீல் மூன்றையும் பார்த்துவிடுங்கள், இந்தக் கூலி இரண்டாம் முறை கொடுக்கக் கூடாதது. திரும்பச் சேர்க்கும்போது இரண்டு முகமும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஃப்ளைவீலைக் கொஞ்சம் சுற்றிப் பல் பொருத்தலாம். போல்ட் போட்டு இழுத்து ஒட்ட வைத்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும்.

லோடர் ஃப்ரேமைப் பூட்டும் முன் தகடு, ஹவுசிங் இரண்டு முகத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய விட வேண்டும். மரைத் துளையில் மரை வெட்டும் டேப் ஓட்டி, காற்று அடித்து, ஆழம் அளக்க வேண்டும். போல்ட் நுனி துளையின் அடியில் முட்டினால் ரெஞ்ச் சரியான அளவு காட்டும், தகட்டில் பிடிப்பு இருக்காது. ஒரு பக்கத்தில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்தப் பக்கம் எல்லா போல்ட்டும் புதிதாகப் போக வேண்டும், நின்றவையும் களைத்தவைதான். ஸ்பிரிங் வாஷரை நம்பி இங்கே பயனில்லை. கெட்டியான தட்டை வாஷரும், மரையில் நீல நிற லாக்டைட் 243ம் போதும். மரையில் கிரீஸ் தடவி அதே அளவுக்கு முறுக்கினால் போல்ட் அளவுக்கு மேல் நீண்டுவிடும். எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றிய பிறகுதான் முறுக்கத் தொடங்க வேண்டும். குறுக்கு மறுக்காக 60, 100, 140 என்று மூன்று சுற்று. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. முடித்ததும் போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. தினமும் அந்தக் கோட்டைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் போல்ட் சுழலாமலே பிடிப்பு இறங்கும், அதனால் கோடு மட்டும் போதாது. 5 மணி நேரத்தில் ஒரு முறை, 10ல் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு 50க்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து ஹவர் மீட்டர் எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். லாக்டைட் போட்ட போல்ட் சோதனையில் நகர்ந்தால் அப்படியே இறுக்கிவிடாமல் கழற்றிச் சுத்தம் செய்து புதிதாகப் போட வேண்டும்.

பின் எடை இல்லாமல் லோடர் ஓட்டுவது போல்ட்டுக்கும் முன் ஆக்சிலுக்கும் எமன். முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் பக்கெட்டில் 300 கிலோ, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 1.5 மீட்டர் என்று வையுங்கள். பின் சக்கரத்திலிருந்து 240 கிலோ குறையும், முன் ஆக்சிலில் 540 கிலோ கூடும். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்துக் கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய 240 கிலோ. அதைப் பின் லிங்கில், பின் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் முன் ஆக்சிலிலிருந்து 144 கிலோ இறங்கும். டயரில் தண்ணீர் நிரப்பினால் பின்பக்கம் கனக்கும், ஆனால் முன் ஆக்சிலின் பாரம் ஒரு கிலோகூட இறங்காது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் பின் சக்கரத்தில்தான் என்பதால், இறக்கத்தில் பின்பக்கம் எழும்பினால் பிரேக்கும் இல்லை. நான்கு சக்கர லிவர் போட்டிருந்தால் முன் சக்கரமும் பிரேக்கோடு சேரும், அதற்காகவும் லோடர் வேலையில் அதைப் போட்டே இருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. லோடர் மூட்டுகளில் உள்ள பின் (pin), புஷ்களுக்கு 8 முதல் 10 மணி நேர வேலைக்கு ஒரு முறை, அதிக அழுத்தம் தாங்கும் இபி 2 கிரீஸ். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும் வரை அடிக்க வேண்டும். வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து, பின்னோக்கி மண் இழுத்துச் சமப்படுத்துவதை நிறுத்துங்கள். சிலிண்டர் ராடு முழுக்க வெளியே நிற்கும்போது வரும் அந்த அடிதான் ராடை வளைக்கிறது. வளைந்த ராடுக்கு சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். தூக்கும் சக்தி போதவில்லை என்று ரிலீஃப் வால்வைத் திருகக் கூடாது. ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் பக்கக் காற்றுக் கசிவு பார்த்த பிறகும் குறை இருந்தால் அழுத்த மீட்டர் மாட்டி அளக்கலாம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வடிகட்டி ஊற்றாமல் மாற்றுங்கள்.

ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். ஊசித் துளையிலிருந்து பாயும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். பக்கெட்டைத் தரையில் வைத்து, ஒரு அட்டையைத் தள்ளிப் பிடித்து ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் நனையும் இடம் தெரியும். தப்பித் தவறி ஆயில் உள்ளே போயிருந்தால் காயம் சின்னப் புள்ளியாக இருக்கும், வலிகூட முதலில் இருக்காது. அப்படியே விடாமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே போய், உயர் அழுத்த ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் போய்விட்டது என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.