பதினெட்டிலிருந்து பதினேழுக்கு

அம்மா என் காரில் ஏறினால் முதலில் தேடுவது சீட் பெல்ட்டை அல்ல, கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைத்தான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "ம், கிளப்பு" என்பார். ஆசைப்பட்டு வாங்கின செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். இன்ஜினில் ஒரு குறை கிடையாது, வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். ஆனால் ஒரு சாக்கடை மூடி விரற்கடை அளவு துருத்திக்கொண்டிருந்தால் போதும், அடி நேராக இடுப்பில் வந்து இறங்கும்.

கேட்ட இடத்தில் எல்லாம் இரண்டே பதில். ஒன்று, "ஸ்போர்ட்டி கார்னா அப்படித்தான், பழகிக்கோ". இன்னொன்று, "காயிலோவர் போட்டுடு", அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய செட். இரண்டையும் கேட்காமல் எட்டு மாதம் மெதுவாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், நடுவில் ஒரு தப்பும் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

"வண்டி தூக்கிப் போடுது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் பல வியாதி இருக்கிறது. சொரசொரப்பான ரோட்டில் ஸ்டீயரிங், சீட் எல்லாம் தடதடவென்று அதிர்ந்தால் முதலில் டயரைப் பார்க்க வேண்டும். குழியில் இறங்கியதும் நங்கென்று ஒரு அடி விழுகிறதா, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷனுக்கு மேலும் கீழும் போக இடம் போதவில்லை. வேகத்தடையைத் தாண்டின பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடிக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. என் காரில் முதல் இரண்டும் சேர்ந்து இருந்தன.

செலவே இல்லாத வேலையில் ஆரம்பித்தேன். காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்தேன். நாலு டயரிலும் 38 பிஎஸ்ஐ. டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் என் காருக்குப் போட்டிருந்தது முன்னால் 33, பின்னால் 31. யாரோ "மைலேஜ் வரும்" என்று அடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கின அன்றே பாதி தடதடப்பு போய்விட்டது. உடனே பேராசை, 28-க்கு இறக்கினேன். சொகுசாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும், நெடுஞ்சாலை வேகத்தில் அது விளையாட்டு இல்லை. மறுபடி 33, 31.

அடுத்து டயர். போட்டிருந்தது 225/40 ஆர்18, அதுவும் ரன்-ஃப்ளாட். இந்த எண்ணில் 225 என்பது மில்லிமீட்டரில் அகலம், 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆக ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் 90 மில்லிமீட்டர். போதாததற்கு ரன்-ஃப்ளாட்டில் காற்றே இல்லாவிட்டாலும் வண்டியைத் தாங்குகிற மாதிரி அந்தப் பக்கச்சுவரைக் கனமான ரப்பரால் விறைப்பாகச் செய்திருப்பார்கள். பஞ்சரானால் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை போய்ச் சேரலாம், நல்ல விஷயம்தான். ஆனால் என்றைக்கோ வரும் அந்த ஒரு பஞ்சருக்காகத் தினமும் முதுகைக் கொடுக்கிறோம்.

225/45 ஆர்17-க்கு மாறினேன், சாதாரண டயர். பக்கச்சுவர் 101 மில்லிமீட்டர் ஆனது. பதினோரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கும் தோன்றியது, ஆனால் மடங்குகிற ரப்பரில் எட்டில் ஒரு பங்கு கூடியதோடு அதன் விறைப்பும் போனதால் வித்தியாசம் முதல் தெருவிலேயே தெரிந்தது. மொத்த விட்டம் 637-லிருந்து 634 மில்லிமீட்டர்தான் ஆகிறது, அரை சதவீதம்கூட இல்லை, அதனால் ஸ்பீடோமீட்டர் பற்றிக் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். சின்ன ரிம்முக்குள் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இடிக்காமல் உட்கார வேண்டும், ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்று சொல்கிற ஆஃப்செட் பொருந்த வேண்டும். என் காரின் கையேட்டிலேயே கீழ் வேரியண்டுக்கு 17 அங்குலம் போட்டிருந்ததால் தப்பித்தேன், ஆனாலும் ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வாங்கினேன். டயரில் இருக்கிற சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670. கையேட்டில் சொன்னதற்குக் கீழே போகவே கூடாது. அப்புறம், என் காரில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது, அதனால் இப்போது டிக்கியில் பஞ்சர் கிட்டும் ஒரு சின்ன கம்ப்ரஸரும் கிடக்கின்றன.

தடதட போனது, நங் போகவில்லை. முன் ஷாக்கின் தூசி உறையைத் தூக்கி, பளபளவென்று இருக்கிற அந்தக் கம்பியில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, கீழே ஷாக்கின் உடலோடு ஒட்டித் தள்ளிவிட்டு வழக்கமான ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்தேன். சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அந்த உயரத்தில் டை நின்றுவிடும், காசு பெறாத கருவி. திரும்பி வந்து பார்த்தால் அது பம்ப் ஸ்டாப்பில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. பம்ப் ஸ்டாப் என்பது சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது கடைசியாக முட்டுக் கொடுக்கிற நுரைக் கட்டை. முந்தின உரிமையாளர் அழகுக்காக லோயரிங் ஸ்பிரிங் போட்டு வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார். அமுங்க வேண்டிய இடத்தில் அந்த 30-ஐ அப்போதே தின்றாகிவிட்டது. ஆக ஒவ்வொரு குழியிலும் நான் ஸ்பிரிங்கின் மேல் இல்லை, அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். இந்த நிலையில் எந்த டயர் மாற்றினாலும் முழுப் பலன் வராது.

நண்பர் ஒருவர், "பின் சீட்டில் தானே குதிக்குது, பின் ஸ்பிரிங்கை மட்டும் மெத்தென்று போடு" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1930-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். தாமதமாக ஏறும் பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடிக்கும், வண்டி சமமாக ஏறி இறங்கும். பின் ஸ்பிரிங்கை மட்டும் மெத்தென்று போட்டால் பின்பக்கம் மெதுவாகிவிடும், வண்டி சீசா பலகை மாதிரி முன்னும் பின்னுமாக ஆடும். அதனால் நாலு ஸ்பிரிங்கையும் கம்பெனி ஸ்பிரிங்காகவே மாற்றினேன், கூடவே புது ஷாக், புது பம்ப் ஸ்டாப், வெடித்துப்போயிருந்த மேல் மவுண்ட் ரப்பர்.

வண்டியை எடுத்து வந்தால், பழையபடி விறைப்பு! மூன்று நாள் தூக்கமில்லை. பிறகுதான் பிடிபட்டது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ் ஆர்ம்களின் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே முழுக்க முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், தானும் ஒரு ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். வேறு இடத்தில் கொடுத்து, சக்கரத்தில் எடை ஏறி நிற்கும்போது எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி முறுக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை. அப்புறம் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இதைச் செய்யாமல் விட்டால் புது டயரை ரோடு தின்றுவிடும்.

இப்போது அதே சாக்கடை மூடியில் "தொப்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, இடுப்புக்கு வருவதில்லை. வளைவில் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ளங்கை நுழைகிற இடைவெளி, பார்க்க அழகில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் தலை இன்னும் பக்கவாட்டில் ஆடுகிறது. இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ஆன்டி-ரோல் பார் தடிமனாக இருப்பதால் வருவது அது. மெலிதாக ஒன்று கிடைக்கும், மாற்றலாம்தான். மாற்றப் போவதில்லை. அதையும் எடுத்துவிட்டால் வளைவில் இருக்கிற அந்த ஒட்டுதல் போய்விடும், அதற்காகத்தானே இந்தக் காரையே வாங்கினேன்.